கணக்கில் சேராத சிரிப்பு

அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே நெஞ்சில் கைவைத்து "ஐயோ, அந்த மனுசனா" என்பீர்கள். அதற்குப் பிறகு நான் சொல்வது எதுவும் உங்கள் காதில் ஏறாது. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், போன வாரம்கூட என் ஆபீசில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுப் போனார் என்று சொன்னால், கேட்பவர்கள் எனக்காகவும் சேர்த்துப் பரிதாபப்படுகிறார்கள்.

தக்கலைக்கும் இரணியலுக்கும் நடுவில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் மானேஜர். இந்த வேலையில் சேர்ந்ததும் நான் படித்த முதல் பாடம், சிரிக்கக்கூடாது என்பது. சிரித்த முகமாக இருக்கும் மானேஜரிடம் சமையல்காரர் கேஸ் சிலிண்டர் கேட்பார். அலங்காரத்துக்கு வந்தவன் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் ஆணி அடிப்பான். மாப்பிள்ளையின் மாமா இன்னும் ஒரு மணி நேரம் ஏசி போடச் சொல்வார். அதனால் இடுப்பில் சாவிக்கொத்தும் முகத்தில் கடுகடுப்புமாக இருந்தே பழகிவிட்டேன். என் மண்டபத்தில் கல்யாணம் நடத்தியவர்கள் என்னைச் சந்தையில் பார்த்தால் இன்றைக்கும் வேறு பக்கமாகப் போவார்கள்.

அந்த மனுஷர் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டதே இந்த முகத்துக்காகத்தான்.

முதன்முதலில் அவர் வந்தது ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு. காலையில் சர்ச்சில் கல்யாணம், மதியம் எங்கள் மண்டபத்தில் வரவேற்பு. பந்திக்கு முன்னால் அரைமணி நேரம் காமெடி என்று பெண்வீட்டார் சொல்லியிருந்தார்கள். மிமிக்ரி செய்கிற ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். வந்த ஆளிடம் அதைச் சொன்னதற்குக் கோபம் வந்துவிட்டது அவருக்கு. மிமிக்ரி இல்லை, ஸ்டாண்ட்-அப் என்றார். நின்றுகொண்டு பேசுவதற்கெல்லாம் தனியாக ஒரு பெயரா என்று கேட்டேன். உட்கார்ந்துகொண்டு பேசினால் அது பேச்சு, நின்றுகொண்டு பேசினால் இது என்றார். ஒல்லியான ஆள், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தோள் பக்கம் தொளதொளவென்று கிடக்கும் ஒரு கோட்டு. முகத்தில் சிரிப்பின் அடையாளமே கிடையாது.

அவருடைய பெரிய உருப்படி மீன்கூடைக் கதை. கடியப்பட்டணத்திலிருந்து மீன்கூடையோடு ஒரு பெண் பஸ்ஸில் ஏறுகிறாள். கூடைக்கும் டிக்கெட் எடு என்கிறார் கண்டக்டர். எடுக்கிறாள். எடுத்துவிட்டு, டிக்கெட் எடுத்த கூடைக்குச் சீட்டு எங்கே என்று சண்டை போடுகிறாள். கண்டக்டர் தோற்றுப்போய் கூடையை ஜன்னலோரம் உட்கார வைக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் ஏறும் ஒரு பெரியவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் தள்ளி இருப்பியளா" என்று கூடையிடம் மரியாதையாகக் கேட்கிறார். கூடை நகரவில்லை. பெரியவருக்குக் கோபம். அவ்வளவுதான் கதை. அவர் அந்தப் பெரியவராகவும் ஆவார், கூடையாகவும் ஆவார். கூடையாக ஆகும்போது சும்மா நிற்பார். அந்தச் சும்மா நிற்பதற்கு மண்டபமே அதிரும்.

அன்றைக்கும் அதிர்ந்தது. நான் மட்டும் தூண் பக்கத்தில் நின்று பந்திக்கு இலை போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் நேராக என் ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, நீங்க சிரிக்கல்லியே."

எனக்கு ஆயிரம் வேலை கிடக்கிறது என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீன்கூடையை முதலிலிருந்து ஆரம்பித்தார். பந்தி முடிந்தது, பாத்திரம் கழுவினார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போனார்கள். அவர் போகவில்லை. அவருடைய குணமே அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு இடத்தில் சிரிக்காத முகம் ஒன்று இருந்தால் அது சிரிக்காமல் அங்கிருந்து அவரால் போக முடியாது. கால் வராது. சிரிப்பு விழுந்துவிட்டாலோ அடுத்த நிமிஷம் எழுந்துவிடுவார், சாப்பிடக்கூட நிற்கமாட்டார். வாங்க வந்ததை வாங்கியாயிற்று, பிறகு எதற்கு நிற்க வேண்டும் என்பார். கடைசியில் நான் மண்டபத்தைப் பூட்டி, வாட்ச்மேனிடம் ஒப்படைத்து, என் ஸ்கூட்டரில் ஏறும்வரை பின்னாலேயே வந்தார்.

"உங்களச் சிரிக்க வைக்காம நான் சாவ மாட்டேன் அக்கா" என்றார்.

வேறு வேலை இல்லையா உமக்கு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்த வேலையாக வந்தாலும் ஆபீசில் தலைகாட்டுவார். ஒரு சாயா, ஒரு புதுக் கதை, என் முகத்தைப் பார்ப்பது, பெருமூச்சு, புறப்பாடு. மண்டபத்துக்கு வெளியே என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்வார். என் வீட்டுக்காரருக்குத் திருவட்டாறு ரோட்டில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. சட்டையைத் துவைத்துத் துவைத்து என் கை தேய்ந்ததுதான் மிச்சம், ஷீட் உலர்த்தப் போடும் அந்தப் புகை வாடை போகாது. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, எனக்கு ஸ்கூட்டர் இருந்தும், என்னைக் கூட்டிப்போக வருகிறேன் என்று மண்டபத்துக்கு வருவார். உண்மையில் வருவது பந்தியில் மீந்த பிரதமன் பாயசத்துக்கு. சர்க்கரை வியாதி உள்ள ஆள். சமையல்கட்டில் பாயச உருளியின் மூடியை ஒற்றை விரலால் தூக்கி, உள்ளே பார்த்து, பிறகு நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்ப்பார். எந்த நாளும் அதே வரிசைதான். முதலில் உருளி, அப்புறம்தான் நான். எத்தனை தடவை பிடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பிடித்தால், மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்பார்.

அவர் சிரிப்பதற்குக் காரணமே வேண்டாம். மீன்கூடை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவார். "அண்ணன் சிரிப்பு கணக்குல சேராது அக்கா" என்று இவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "நான் வாயத் தொறந்தாப் போதும், தந்துருகாரு. உங்களுக்க சிரிப்புதான் சிரிப்பு."

சிரிக்காத முகத்தை விட்டு நகராத குணத்தால் இந்த ஆள் இழந்தது கொஞ்சமா. முதல் தடவை டிவிக்காரர்கள் கூப்பிட்டபோது சென்னைக்குப் போக இரணியல் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருந்தவர் சிரிக்காத ஆள். போதாதா. டிக்கெட்டை வாங்கிய பிறகும் கண்ணாடிக்கு முன்னாலிருந்து நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் திட்டுகிறார்கள், பிளாட்பாரத்தில் ரயில் வந்துவிட்டது, இவர் கண்ணாடியில் வாயை வைத்து மீன்கூடை சொல்கிறார். ரயிலும் போய்விட்டது. போன ரயிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த டிக்கெட்டை உள்ளே நீட்டி, இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் அப்போது சிரித்திருக்கிறார். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே சந்தோஷத்தோடு என் ஆபீசுக்கு வந்து, கிளார்க் விழுந்துவிட்டார் என்றார். சென்னை என்ன ஆச்சு என்று கேட்டேன். அதுவா, அது போச்சு என்றார்.

இன்னொன்று இதைவிட மோசம். அவர் தெருவில் ஒரு சாவு. துக்கம் கேட்கப் போயிருக்கிறார். இறந்தவரின் மூத்த மகன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சிரிக்காத முகத்தைப் பார்த்துவிட்டாரே. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ ஆரம்பித்திருக்கிறார். தம்பிகள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ரோட்டில் விட்டார்கள். அன்றைக்கு இவருடைய அம்மா பைபிளின் மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டார், இனி எந்தச் சாவு வீட்டிலும் வாயைத் திறக்கக்கூடாது என்று. தலையாட்டலாமா என்று இவர் கேட்டாராம். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆட்டலாம் என்று அனுமதி கொடுத்தாராம்.

டிவிக்காரர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை யாரோ கையைப் பிடித்து ரயிலில் ஏற்றிவிட்டார்கள் போல, போய்ச் சேர்ந்தார். ஒரு சீரியலில் கதாநாயகிக்கு அப்பா வேஷம். குடும்பத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கிற அப்பா. இவருக்கென்றே எழுதியதுபோல இருந்தது. என் வீட்டுக்காரர் மண்டபத்துச் சமையல்காரர்களுக்கெல்லாம் அதைச் சொல்லி வைத்தார்.

இரண்டாவது வாரம் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனார். சீரியலில்தான்.

காரணம் டைரக்டர். அந்த மனுஷன் சிரிக்காத ஆளாம். ஷூட்டிங் முடிந்தாலும் இவர் செட்டை விட்டுப் போவதில்லை. டைரக்டர் சாப்பிடப் போனால் பின்னால் போவது, காரில் ஏறினால் ஜன்னலில் தலையை விடுவது. கேமராவைத் திருப்பி வைத்து அடுத்த காட்சி எடுக்க நின்றால் நடுவில் வந்து, சார் இதைக் கேளுங்க என்பது. டைரக்டர் ராத்திரியோடு ராத்திரியாகக் கதையை மாற்றி லாரியை வரவழைத்துவிட்டார். சாவுக் காட்சி எடுத்து முடித்ததும் டைரக்டர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு தெரிந்ததாம். அது கிடைத்ததால்தான் இவரும் ஊருக்குப் புறப்பட்டிருக்கிறார்.

வந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, நான் செத்துட்டேன். ஆனா அந்தச் சாவு கணக்குல வராது. உங்ககிட்ட சொன்ன வாக்கு வாக்குதான்."

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். சாகடித்த பிறகு அவர்களுக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. கதாநாயகி வீட்டுச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, நெற்றியில் திருநீறு வைத்து, முன்னால் விளக்கேற்றினார்கள். அவருடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு, அடக்கம் எந்த முறையில் செய்தார்கள் என்று மட்டும் கேட்டாராம். உயிரோடு இருந்தபோது அந்த சீரியலில் அவர் பேசியதை யாரும் கவனிக்கவில்லை. போட்டோ ஆனதும் நாடே கவனித்தது. தினமும் ஏழரை மணிக்கு அந்தப் பெண் போட்டோ முன்னால் நின்று, "அப்பா, உங்க மகளப் பாத்தீங்களா" என்று அழும். மாமியார் கொடுமை செய்தால் போட்டோவைக் காட்டுவார்கள். புருஷன் சந்தேகப்பட்டால் போட்டோவைக் காட்டுவார்கள். அந்த முகம், மீன்கூடையாகச் சும்மா நிற்கும் அதே முகம், பார்த்தவர்களின் நெஞ்சைப் பிசைந்தது. வருஷக்கணக்கில் ஓடுகிறது. வேறு இரண்டு மூன்று சீரியல்களிலும் அப்பா வேஷம் என்று கூப்பிட்டார்கள். நடிக்கத்தான் என்று கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். மாலை தயாராக இருந்ததாம்.

ஊரில் அவரைப் பார்த்ததும் பெண்களுக்குக் கண் நிறைய ஆரம்பித்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். மீன் விற்கிறவர்கள் நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்து, மகள் அங்கே படுகிற பாட்டைச் சொன்னார்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று இவர் சொன்னால், ஆமா சாரே, எங்க மனசுல நீங்க உயிரோடதான் இருக்கிய என்றார்கள். ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். கழுத்தில் மாலை விழுந்ததும் இவர் பழக்கதோஷத்தில் போட்டோ மாதிரி அசையாமல் நின்றுவிட்டார். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றிருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்தவர், அப்படியே சபை முழுவதும் எழுந்து தலைகுனிந்து மௌனமாக நின்றது. தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்தது, அமரலாம் என்றாராம்.

நீர் என்ன செய்தீர் என்று கேட்டேன்.

"நானும் தலை குனிஞ்சுதான் நின்னேன் அக்கா. நல்ல ஆளுல்லா, எனக்கே துக்கமாத்தான் இருந்து."

இவர் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கரண்ட் பில்லைப் பார்த்தேன்.

கல்யாண வீடுகளில் அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது. மாலை போட்ட ஆளை நல்ல காரியத்தில் மேடையேற்றலாமா என்று பெண்வீட்டார் என்னிடமே வந்து கேட்டார்கள். மாப்பிள்ளைக்கும்தானே மாலை போடுகிறீர்கள், அவரை மேடையேற்றாமல் இருப்பீர்களா என்று எரிந்து விழுந்தேன். எனக்கு அந்த நியாயமே பிடிபடவில்லை. ஒரு குடும்பத்திடம் சண்டை போட்டு, என் பொறுப்பு என்று சொல்லி, அவரை ஒரு வரவேற்பில் ஏற்றிவிட்டேன். மீன்கூடையை எடுத்தார். கூடையாகி, சும்மா நின்றார். மண்டபம் முன்பெல்லாம் அதிர்கிற இடம் அது. முன்வரிசையில் ஒரு மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. கல்யாணப்பெண் மேடையிலேயே விம்மி விம்மி அழுதாள். பியூட்டி பார்லர்காரி மூன்று மணி நேரம் பூசியது அரை நிமிஷத்தில் கழுத்துக்கு வந்துவிட்டது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சிரிக்கிறதற்குக் காரணம் வேண்டாத மனுஷர். அவரும் இவரைப் பார்த்ததும் கண் கலங்கி, ஒரு டம்ளரில் பிரதமன் கொண்டுவந்து நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய் அந்த சீரியலை மறு ஒளிபரப்பில் ஒரு நாள் விடாமல் பார்த்து அழுகிற ஆள் அவர். இவரோடு சாயா குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து இவருக்காகவே அழுவார். அதைச் சொல்லிக் காட்டினால், அது வேற, இது வேற என்பார்.

"அண்ணன்கிட்டயும் போச்சு அக்கா" என்றார் இவர். "ஊருல எங்க போனாலும் அழுகாங்க. அந்த சீரியல் பாக்காத ஆளு நீங்க ஒராளுதான். இனி எனக்கு உங்ககிட்டதான் சான்ஸ்."

உண்மைதான். ஏழரை மணிக்கு நான் மண்டபத்தில் யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். டிவி பார்க்க நேரமில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு அவர் மட்டும்தான் தெரிவார், போட்டோ தெரியாது. அன்றைக்கு அவர் மீன்கூடையைத் திரும்பவும் சொன்னார். குரல் எழும்பவில்லை. எனக்கு மனசு பொறுக்கவில்லை. கஷ்டப்பட்டு ஹஹ்ஹா என்று சிரித்து வைத்தேன்.

அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"வேண்டாம் அக்கா. டூப்ளிகேட் வேண்டாம்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அப்படிக் கூசிப்போய் ஒரு மனுஷன் நடந்து நான் பார்த்ததில்லை. இந்த ஜென்மத்தில் இனி போலியாகச் சிரிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பிறகு அவர் சென்னைக்கே போய், போட்டோவை இறக்கிவிடுங்கள் என்று டைரக்டரிடம் கெஞ்சியிருக்கிறார். நேரில் இவரைக் கண்டதும் அந்தக் கதாநாயகி பழக்கத்தில் அழ ஆரம்பித்துவிட்டாளாம். கிளிசரின் மிச்சம் என்று டைரக்டர் இவரை அன்று முழுவதும் கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்.

போன வருஷம் ஆனி மாசம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். கடையில் ஷீட்டை எடைபோட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மகன் மஸ்கட்டில். அவன் வந்து சேரும்வரை வீட்டில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. வராதது மட்டுமில்லை, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா, பந்தலில் மழை ஒழுகுகிறதா, சாயா போட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று மண்டப வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து அழு மைனி, அழு மைனி என்று நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இடுப்பில் சாவிக்கொத்துதான் குலுங்கியது.

காலையிலேயே அந்த மனுஷர் வந்துவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அம்மாவிடம் செய்த சத்தியம். அவருடைய கண் என் பக்கம் வரவே இல்லை. அன்றைக்கு அவர் என்னிடம் எதையும் வாங்க வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

ஆனால் பெண்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள். ஒப்பாரி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. ஒருத்தி நாற்காலியைத் தள்ளி அவர் பக்கம் போட்டாள், பிறகு இன்னொருத்தி. சீரியலில் செத்துப் போனவருக்கு அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது எதுவும் தெரிந்திருக்காதே என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் தம்பி மில்லை விற்றுவிட்டான், சம்பந்திக்காரி நகையை எடுத்து ஒளித்துவிட்டாள், மகளுக்கு இது மூன்றாம் மாசம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆட்டுவதற்குத்தான் அனுமதி உண்டே.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். என் வீட்டுக்காரர் மேல் உயிரையே வைத்திருந்தவள்.

"சாரே, ஒரு உபகாரம் செய்யணும். எங்க அண்ணன் இன்னைக்குத்தான் அங்க வாறாரு. புது இடம், யாரையும் பழக்கமில்ல. சுகர் உள்ள ஆளு. நீங்க போயி கொஞ்ச வருசம் ஆச்சுல்லா. ஒரு பார்வை பாத்துக்கிடணும்."

சுற்றியிருந்த பெண்கள், ஆமா, பாத்துக்கிடணும் என்றார்கள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. அவர் தலையாட்டினார். நாத்தனாருக்கு அது போதவில்லை, வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்க சாரே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கூரையைப் பார்த்தார். ஐஸ் பெட்டியைப் பார்த்தார். அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு துக்கத்தோடு, முழு மரியாதையோடு சொன்னார்.

"பாத்துக்கிடுகேன் அக்கா. பிரதமன் உருளி பக்கம் மட்டும் நான் விடமாட்டேன்."

எனக்குள் என்னவோ அறுந்தது. மேலுலகத்தில் ஒரு சமையல்கட்டு, அதில் ஒரு உருளி, ஒற்றை விரலால் மூடியைத் தூக்கிவிட்டு நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கிற என் மனுஷன், அவரை முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற இந்த ஆள். அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் திணித்தும் நிற்கவில்லை. பந்தலில் இருந்த ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். மைனிக்குப் புத்தி பிசகிப் போச்சே என்று நாத்தனார் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவள் வந்து பிடிப்பதற்குள் அது அழுகையாகிவிட்டது. பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்து அழுதேன். என் வாழ்நாளில் அப்படி அழுததில்லை. அழ முடிந்ததே என்று அப்போதே அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சுவரோரத்தைத்தான் பார்த்தேன். சிரிப்பு விழுந்துவிட்டது, ஆள் போயிருப்பார் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியில்தான் இருந்தார், வாயை மூடிக்கொண்டு. மகன் வந்து சேர்ந்தபோது அவனுடைய பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். சுடுகாட்டுக்குப் போனார். திரும்பி வந்து பந்தல்காரனோடு நின்று நாற்காலிகளை அடுக்கினார். சாயங்காலம் புறப்படும்போது வாசலில் என்னைப் பார்த்து நின்றார்.

"அக்கா, அது அண்ணனுக்கு வந்த சிரிப்பு. எனக்க கணக்குல சேராது. நான் பெறவு வாறேன்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன வாரமே வந்தார். அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறார். சென்னையில் எங்கேயோ இன்னொரு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், அது முடிந்ததும் நேராக இங்கேதான். மண்டபத்தில் சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக இப்போது யாரும் வருவதில்லை. உருளிகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு ஆபீசில் ஒரே அமைதி. அந்த நேரத்தில் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் எனக்கு எவ்வளவு பிடிக்கிறது என்பதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லவும் போவதில்லை.

போன வாரம் வந்தவர் மீன்கூடைக் கதையைத்தான் எடுத்தார். கண்டக்டர், சண்டை, ஜன்னலோரம், எல்லாம் பழையதுதான். பெரியவர் வந்து கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் தள்ளி இருக்கச் சொல்லவில்லை. சட்டையில் ஒரு புகை வாடை அடிப்பதாக அடுத்த சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார். பெரியவர் ஒற்றை விரலால் கூடையின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். பிறகு மெதுவாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு உதடு துடித்துவிட்டது. சிரித்தால் வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார். பிறகு எதற்கு வரப் போகிறார். சாவியைக் காணோமே என்று சொல்லிக்கொண்டு சட்டென்று மேஜைக்கு அடியில் குனிந்து, அவருக்கு என் முகம் தெரியாதபடி வெகுநேரம் தேடினேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.